கருவியும் கருத்தாவும்

குயவன் குடம் வனைகின்றான். அதற்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். சித்தாந்தம் பயிலப் புகும் மாணாக்கர்க்கு முதல்நாளிலேயே கூறப்படும் உவமை இது. உலகிற்குக் கருத்தா ஒருவன் உளன் என்று நிறுவுதற்கு நம் ஆசிரியன்மார் எடுத்தாண்ட இவ்வுவமை, மக்களுடைய தொழிலைப்பற்றியும் ஓருண்மையைத் தன்னகத்தே அடக்கி நிற்கின்றது. சக்கரம் எத்துணை விரைவிற் சுழலினும் அது குயவனது ஏவலைச் செய்வதன்றிக் குயவனை ஏவுவதன்று. தொழிலை எப்பொழுது தொடங்குவது, குடத்தின் வாயை எத்துணை அகலமாக விடுவது, எப்பொழுது கைகழுவி எழுவது என்பனவெல்லாம் அவன் கருத்தைச் சார்ந்தன. அறிவுடைய பொருள் ஏவ, அறிவில்லாத பொருள் இயங்கும் என்பதே முறை.

இம்முறை தலைகீழாதல் கூடுமோ? தத்துவநெறி பற்றிக் கூறின் ஒருகாலும் கூடாது. சடம் எஞ்ஞான்றும் சடமே; அதற்கு விருப்பும் இல்லை, ஏவலும் இல்லை. ஆயின் உலகியலில், ஒருவன் விடியலில் எப்பொழுது எழுவது, எப்பொழுது உண்பது, எத்துணை விரைவாகக் கையை அசைப்பது, தன் மக்கள் முகத்தை எப்பொழுது காண்பது என்பவற்றையெல்லாம் ஒரு பொறியின் ஓட்டமே அறுதியிடுமாயின், அங்கே கருத்தா யார்? கருவி யாது? சென்ற இருநூற்றைம்பது ஆண்டுகளாக மக்கட்குலத்தின் முன் நிற்கும் வினா இது.

யந்திரம் நன்றோ தீதோ என்று வாதிடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. யந்திரம் மனிதனுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த பொழுது யாருக்கு உரியது என்பதொன்றே ஈண்டு ஆராயப்படும். பொழுது என்பது வாழ்நாளின் கூறு. பெறுதற்கரிய மானிடப் பிறவியின் கூறு. ஆதலின் இது பொருள்நூலார்க்கு மட்டும் உரிய வினாவன்று, அறநூலார்க்கும் உரியது.

இதனை ஆராய்தற்கு இங்கிலாந்து தேயத்துப் பருத்தித்தொழிலின் வரலாற்றை எடுத்துக்கொள்வாம். யந்திர வாழ்வு முதன்முதல் அங்கே அத்தொழிலிலேதான் வேரூன்றிற்று. அன்றியும் அவ்வரலாறு நம் நாட்டு நெசவாளர் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத், வங்காளம் முதலிய இடங்களிலிருந்தும் சென்ற அச்சடித்த பருத்தித் துணிகளை அந்நாட்டு மக்கள் விரும்பி உடுத்தனர். தம் நாட்டுக் கம்பளித்தொழிலும் பட்டுத்தொழிலும் இதனாற் குன்றுமென்று அஞ்சிய அத்தேயத்தார் 1700-ஆம் ஆண்டிலும் 1721-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றி அத்துணிகளைத் தடுத்தனர். நம்மவர் கை நெய்ததை யாமும் நெய்தல் வேண்டுமென்ற வேட்கையே அங்கே பொறிகள் பல தோன்றுதற்கு ஒரு காரணமாயிற்று.

யந்திரம் வருமுன் லங்காஷயர் மாகாணத்துச் சிற்றூர்களில் நூற்றலும் நெய்தலும் வீட்டுத் தொழில்கள். சிறுவர் பஞ்சைச் சிக்கெடுத்தனர். பெண்டிர் இராட்டையில் நூற்றனர். ஆடவர் தறியிலமர்ந்து நெய்தனர். ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தருதற்கு நூற்பார் பலர் வேண்டியிருந்தது. அவ்வாழ்வு பொன்னுலக வாழ்வன்று. கூலி குறைவு, அறையோ இருளும் ஈரமும் உடையது, சிறுவரும் உழைத்தே உண்டனர். ஆயினும் பொழுது அவர்கள் கையில் இருந்தது. திங்கட்கிழமையில் தறியைத் தொடாது களித்திருத்தலும், வாரக்கடைசியில் இரவும் பகலும் விரைந்து நெய்து துணியை முடித்தலும் அவர்கள் வழக்கம். அத்திங்கட்கிழமையை ஒரு புனிதர் திருநாளைப்போலப் பெயரிட்டு நகையாடினர். அறுவடைக் காலத்தில் தறியை நிறுத்திவிட்டு வயலுக்குச் செல்வாரும் உளர். தறி அவர்களுக்குக் காத்திருந்தது. அவர்கள் தறிக்குக் காத்திருக்கவில்லை.

1733-ஆம் ஆண்டில் ஜான் கே என்பவர் நாடாவைக் கையால் எறியாது விசையால் ஓடச் செய்யும் முறையைக் கண்டார். நெசவு விரைந்தது, நூல் பற்றாதாயிற்று. 1764-ஆம் ஆண்டையொட்டி ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் என்னும் நெசவாளர், ஒருவரே 8 கதிர்களில் ஒருங்கே நூற்கும் ஜென்னி என்னும் பொறியை அமைத்தார். 1769-இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் நீரோட்டத்தால் இயங்கும் நூற்பொறிக்குத் தனியுரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் வாட் தாம் திருத்திய நீராவி யந்திரத்திற்கும் தனியுரிமை பெற்றார். 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் முன்னைய இரண்டன் இயல்பையும் கலந்து, மெல்லிய நூல் நூற்கும் பொறியொன்றை அமைத்தார். 1785-இல் எட்மண்டு கார்ட்ரைட் விசைத்தறியைக் கண்டார். கிராம்ப்டனது பொறியில் மட்டும் 1811-ஆம் ஆண்டளவில் நாற்பது நூறாயிரத்திற்கு மேற்பட்ட கதிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பெண் ஒரு கதிரில் நூற்ற இடத்தில், ஒரு நூற்பாளர் நூற்றுக்கணக்கான கதிர்களைக் காத்து நிற்கும் நிலை வந்தெய்தியது.

ஈண்டு ஒரு கணக்கைக் கருதிப் பார்த்தல் வேண்டும். ஒரு நாளிற் செய்யும் வேலையைச் சில நாழிகையிற் செய்துமுடிக்கும் பொறி வந்துவிட்டால், மனிதன் உழைக்கும் பொழுது குறைதல் வேண்டுமன்றோ? எஞ்சிய பொழுதில் அவன் உண்ணலாம், உறங்கலாம், கற்கலாம், தன் கடவுளைத் தொழலாம், மக்களோடு மகிழ்ந்திருக்கலாம். அறிவு கூறும் கணக்கு இது. நடந்ததோ இதற்கு மறுதலை. ஆலைகளில் ஒரு நாளின் வேலை 12 மணி, 13 மணி, 14 மணி என நீண்டது. வேலை குறைக்கும் பொறியே வேலை நேரத்தை நீட்டிற்று.

இது யாங்ஙனம் நிகழ்ந்தது? காரணம் பொறியின் இயல்பிலன்று, அதிலிட்ட முதலின் இயல்பில் உள்ளது. வீட்டுத்தறி வாளாவிருந்தால் நெசவாளனுக்கு ஒரு நாட் கூலி போகும், வேறு நட்டமில்லை. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய ஆலையோ வாளாவிருக்கும் ஒவ்வொரு நாழிகையும் முதலாளிக்கு நட்டம். வட்டி உறங்குவதில்லை, இன்னும் சிறந்த பொறியொன்று வருமுன் இப்பொறியிலிட்ட பணத்தை எடுத்துவிடல் வேண்டும் என்னும் அச்சமும் உறங்கவிடுவதில்லை. நீரோட்டத்திற்கும் நீராவிக்கும் களைப்பில்லை. களைப்புடையவன் மனிதன் ஒருவனே. களைப்பில்லாததன் அளவிற்குக் களைப்புடையவனை இழுத்துச் செல்லுதலே ஆலையின் ஒழுங்காயிற்று. தெர்வெண்டு ஆற்றங்கரையில் கிராம்போர்டு என்னுமிடத்தில் 1771-இல் ஆர்க்ரைட் தொடங்கிய ஆலை, இரவொரு சாராரும் பகலொரு சாராருமாக இடையறாது ஓடிற்று. ஆலைமணி அடித்தவுடன் வாயில் திறக்கும். பிந்தி வந்தார் கூலி இழப்பர்.

அன்றுதொட்டு மக்களது அன்றாட வாழ்வே வேறாயிற்று. கதிரவன் எழுச்சியும் கோழி கூவலும் வேலைக்கு எல்லையாதல் ஒழிந்தது. நிலக்கரி ஆவி விளக்கு ஆலைக்குள் வந்தபின் இரவும் பகலாயிற்று. கடிகாரம் வாங்க இயலாத தொழிலாளர், நீண்ட கோலால் தம் பலகணியைத் தட்டி எழுப்புதற்கென்றே ஒருவருக்குக் காசு கொடுத்தனர். இருப்புப்பாதை வந்தபின் ஊர்தோறும் வேறுபட்டிருந்த பொழுதும் ஒன்றாக்கப்பட்டது. பிரிஸ்டல் நகரத்து நண்பகல் இலண்டன் நண்பகலுக்கு ஏறத்தாழ 10 நிமிடம் பிந்தியது; 1840 முதல் இருப்புப்பாதையார் இலண்டன் பொழுதையே எங்கும் கொள்ளத் தொடங்கினர்; 1880-இல் அதுவே சட்டமாயிற்று. 1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், ஊர்ப்புறத்தாரினும் நகரத்தார் மிக்கிருத்தல் அத்தேயத்தில் முதன்முதற் காணப்பட்டது.

கருவி கருத்தாவாய் நின்ற நிலையை மிகத் தெளிவாகக் காட்டுவது சிறுவர் உழைப்பு. அறுந்த நூலைப் பிணைக்கவும், ஓடும் பொறியின் அடியிற் புகுந்து பஞ்சுத்துகளைக் கூட்டவும் சிறிய கையும் சிறிய உடலும் வேண்டியிருந்தன. மனிதன் தன் கைக்கேற்பக் கருவியைச் செய்துகொள்ளுதல் உலக வழக்கம். அங்கேயோ கருவி தன் இடுக்கிற்கேற்ற மனிதனைத் தேர்ந்தெடுத்தது. 1819-ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது வயதிற் குறைந்த சிறுவரைப் பருத்தியாலையில் அமர்த்தலாகாது என்றும், ஒன்பது முதல் பதினாறு வயது வரையுள்ளார் நாளொன்றுக்கு 12 மணிக்குமேல் உழைத்தலாகாது என்றும் விதித்தது. விதித்தது எத்தகையது என்பதைக் கொண்டே, விதிக்குமுன் இருந்தது எத்தகையது என்பதை உய்த்துணரலாம்.

விசைத்தறி பரவப் பரவக் கைத்தறியாளர் நிலை இரங்கத்தக்கதாயிற்று. நூல் மலிந்த தொடக்கத்தில் அவர்கள் நற்கூலி பெற்றனர். பலர் அத்தொழிலுக்குப் புகுந்தனர். 1820-ஆம் ஆண்டையொட்டி அவர்கள் தொகை இரண்டு நூறாயிரத்திற்கு மேற்பட்டது. ஒரு தலைமுறைக்குள் அவர்கள் கூலி பாதியினும் மிகத் தாழ்ந்து, 1850-இல் அவர்களுட் பெரும்பாலார் தொழிலின்றி மறைந்தனர். இதற்குள், 1811, 1812-ஆம் ஆண்டுகளில் நாட்டிங்காம், யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் தொழிலாளர் சிலர் இரவிற் கூடிப் பொறிகளை உடைத்தனர். லட்டு என்றொரு கற்பனைத் தலைவன் பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். கூலியைக் குறைத்தும் இழிந்த சரக்கைச் செய்தும் தொழிலைக் கெடுத்த முதலாளிகளின் பொறிகளைத் தேர்ந்தெடுத்து உடைத்தார் பலர் ஆதலின், அவர்கள் பகை பொறிமேலதன்று, பொறியை ஆண்ட முறைமேலது என்று தெளியலாம். 1812-இல் பொறியுடைத்தலுக்குக் கொலைத்தண்டம் விதிக்கும் சட்டம் வந்தது, பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் தமது முதற்பேச்சிலேயே அதனை எதிர்த்தார், சட்டம் நிறைவேறிற்று. 1813-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர். சக்கரத்தை உடைத்தவன் உயிருக்குச் சக்கரத்தினும் குறைந்த விலை மதிக்கப்பட்டதென்றால், கருவி கருத்தாவினிடத்தை எய்தியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஈண்டு ஒரு சாரார் தடை நிகழ்த்துவர்: “யந்திரத்தால் வந்த நன்மையை மறைத்துக் கூறுதல் நடுவுநிலையன்று. மாற்றுடையில்லாத ஏழைக்குத் தோய்த்துடுக்கும் பருத்தியாடை கிடைத்தது யந்திரத்தாலன்றோ? 1801-க்கும் 1851-க்கும் இடையே இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்த நாட்டின் மக்கட்டொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. அத்துணைப் பேர்க்கும் பிழைப்புத் தந்தது யாது? கைத்தொழிலையே போற்றுவீராயின், அக்காலத்துப் பஞ்சமும் நோயும் வறுமையும் உமக்கு உடன்பாடோ?” என்பர்.

அத்தடை மெய்ம்மை உடையதே. அதனை முழுதும் ஏற்கின்றோம். யந்திரம் ஆடையை மலிவித்தது. பின்னாளில் உணவையும் மருந்தையும் ஊர்தியையும் எளியார்க்கு எட்டச் செய்தது. யாம் மறுப்பது அந்நன்மையை அன்று. அந்நன்மைக்கு மனிதன் வாழ்நாள் முழுவதையும் விலையாகக் கொடுத்தேயாகல் வேண்டும் என்பதொன்றையே மறுக்கின்றோம். அஃது இன்றியமையாத விலையன்று என்பதற்கு அந்நாட்டு வரலாறே சான்று.

நியூ லனார்க் என்னும் ஊரில் ராபர்ட் ஓவன் என்பவர் 1800 முதல் நூலாலை நடத்தினார். பிறர் 13 மணி, 14 மணி வேலை வாங்கிய காலத்தில் அவர் உணவுவேளை நீங்க நாளொன்றுக்குப் பத்தரை மணியாகக் குறைத்து, பத்து வயதிற் குறைந்த சிறுவரை ஆலையிற் சேர்க்காது அவர்கட்குப் பள்ளி அமைத்தார். ஆலையோ ஊதியமே ஈட்டிற்று. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டார் நாளொன்றுக்கு 9 மணிக்குமேல் உழைத்தலாகாதென்று விதித்து, நாள்தோறும் இரண்டு மணி கல்வியையும் வேண்டி, அதனைக் கண்காணிக்க நால்வரை அமர்த்தியது. பெண்டிர்க்கும் இளையோர்க்கும் 10 மணி வேலை வேண்டுமென்ற கிளர்ச்சி எழுந்தபோது, நாசா சீனியர் என்னும் பொருள்நூற் புலவர் 1837-இல், ஆலையின் நிகர ஊதியம் முழுவதும் இறுதி ஒரு மணியிலேயே பிறக்கின்றதாதலின் அதனைக் குறைத்தால் தொழிலே அழியுமென்று கணக்கிட்டுக் காட்டினார். ஆஷ்லி பிரபுவும், தாமே ஓர் ஆலைமுதலாளியாகிய ஜான் பீல்டனும், எண்ணிறந்த தொழிலாளரும் இடைவிடாது முயன்றதன் பயனாக 1847-இல் பத்துமணிச் சட்டம் நிறைவேறியது. 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்கட்குச் சனிக்கிழமை நண்பகலுக்குப்பின் இரண்டு மணிக்கே வேலை முடிந்தது. தொழில் அழிந்ததோ? அழியவில்லை, அடுத்துவந்த ஆண்டுகளில் இன்னும் பெருகிற்று. புலவர் கணக்குப் பொய்த்தது. அறத்தின் கணக்கே நின்றது.

மீண்ட பொழுதை அம்மக்கள் யாது செய்தனர் என்பதும் நோக்கத்தக்கது. ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலியோர் 1844-இல் தொடங்கிய கூட்டுறவுப் பண்டசாலை சில ஆண்டுகளிலேயே படிப்பறையும் நூல்நிலையமும் உடையதாயிற்று. பகலெல்லாம் ஆலையில் நின்றவர் இரவில் எழுத்துக் கற்றனர். ஓய்வு கொடுத்தால் ஏழைகள் கெட்டுப்போவர் என்றார் கூற்றும் இதனால் வலியிழந்தது. ஆகவே யந்திரம் மிச்சப்படுத்திய பொழுது தானே மனிதன்பால் வந்து சேர்வதில்லை. அறவுணர்ச்சியும் ஒற்றுமையும் சட்டமும் கூடி மீட்டாலன்றி அது மீளாது என்பது பெறப்பட்டது.

இனி, இவ்வரலாறு நம் தமிழகத்திலும் தொடர்ந்தவாற்றைச் சுருங்கக் காண்போம். லங்காஷயர் ஆலைத்துணியும் ஆலைநூலும் 19-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டிற் புகவே, வீடுதோறும் இராட்டையால் ஒரு சிறு வருவாய் பெற்றிருந்த பெண்டிர் அதனை இழந்தனர். நெசவாளருட் பலர் மலிந்த துணியோடு போட்டியிட இயலாது நலிந்தனர். பின்னர் ஈண்டும் ஆலைகள் எழுந்தன. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதிற் குறைந்த குழந்தைகளை ஆலையில் அமர்த்துதலைத் தடுத்தது. ஏழு வயதுக் குழந்தை ஆலைக்குச் செல்லலாம் என்பதே அன்றைக்குச் சீர்திருத்தம்! 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலையில் வளர்ந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி என்று எல்லை வகுத்தது.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. நாட்டில் ஒழுங்குபெற அமைந்த தொழிற்சங்கங்களுள் இதனையே முதலாவதாகக் கூறுவர். பி. பி. வாடியா அதன் தலைவராக நின்றார். பெரியபுராணத்திற்குக் குறிப்புரை வகுத்த சைவநூற் பயிற்சியாளராகிய திரு. வி. கலியாணசுந்தரனார் அச்சங்கத்திற்குத் தோள்கொடுத்தவருள் ஒருவர். அத்தொழிலாளர் முதற்கண் வேண்டியவற்றுள் ஒன்று, நண்பகலுணவுக்கு விடப்பட்ட அரைமணி போதாது, இன்னும் சிறிது பொழுது வேண்டும் என்பது. வாயிலுக்கு வந்து, கைகால் கழுவி, கொணர்ந்த சோற்றை உண்டு, மீண்டு ஓடிப் பொறியருகே நிற்றற்கு அரைமணி போதாதென்று கேட்டார்கள். நாயன்மார் வரலாற்றுக்கு உரைகண்ட கை, இவ்வுணவுவேளைக்காகவும் எழுதிற்று, உழைத்தது. தொண்டர்தம் பெருமையை ஏட்டிலே கற்றவர், அதனை ஆலைவாயிலிலே மறந்திலர்.

அன்றுதொட்டுப் பொழுது சிறிது சிறிதாக மீட்கப்பட்டது. 1922-இல் வாரத்திற்கு 60 மணியென்றும், 1934-இல் 54 மணியென்றும், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 48 மணியென்றும் எல்லை சுருங்கிற்று. 1923-ஆம் ஆண்டு மே முதல்நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். அதற்குச் சரியாக நூறாண்டு கழிந்தபோது, நாளொன்றுக்கு 12 மணி வரை வேலைநேரத்தை வகுத்துக்கொள்ள இடந்தரும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறி, எதிர்ப்பு எழவே, மே முதல்நாள் திரும்பப் பெறப்பட்டதென அறிவிக்கப்பட்டது. பொழுதைப்பற்றிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதற்கு இது போதும். துணிக்கடைகளில் நாள்முழுதும் நின்றே பணிசெய்யும் பெண்டிர் அமர்ந்துகொள்ள இருக்கை அளித்தல் வேண்டுமென்று தமிழகத்தில் ஒரு சட்டம் 2021-இல்தான் வந்தது. உட்காருதற்கும் சட்டம் வேண்டியிருந்தது!

“பொழுது மீண்டால் போதுமோ? தொழிலின் தன்மை யாதாயினும் ஆகுக என விடலாமோ?” என்று வினவுவார்க்கு, நம் முன்னோர் தொழிலை எங்ஙனம் கண்டனர் என்பதை நினைவூட்டல் தகும். அடியார் வரிசையிற் குயவர் உளர், சாலியர் உளர், வண்ணார் உளர், பரதவர் உளர், எண்ணெய் வாணிகர் உளர். காம்பீலி நகரத்து நேசநாயனார் தறியிலிருந்தே அடியார்க்கு வேண்டிய உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தார். அவர் கை நெசவில் இருந்தது. வாக்குத் திருவைந்தெழுத்தில் இருந்தது. மனம் இறைவன் திருவடியில் இருந்தது. இம்மூன்றும் ஒருங்கு நிகழ்தற்கு அவர் தொழில் இடங்கொடுத்தது. தறியின் வேகம் அவர் கையின் வேகம், கருத்து வேறிடத்துச் சென்று திளைக்குமாயின் நாடா சற்றே நிற்கும், நிற்றலாற் குற்றமில்லை. திருவொற்றியூர்க் கலியநாயனாரோ செல்வம் கரைந்தபின் பிறர் செக்கிற் கூலிக்கு உழைத்தும் திருவிளக்கு எரித்தார். அக்கூலி வேலையும் கிடையாதாகிய நிலையை எய்தினார். வேலையின்மையின் துயரத்தை நம் புராணம் மறைக்கவில்லை. அவ்விருவர் வரலாற்றாலும் நாம் அறிவது யாது? உடல் உழைப்பு இழிவன்று, கருவி இழிவன்று, கூலியும் இழிவன்று. உழைப்பவனுடைய கருத்தை அவன்பால் விட்டுவைக்காத உழைப்பே இழிவு.

அங்ஙனமாயின் இற்றை நாளில் நாம் எப்பொறியை ஏற்பது, எதனை விலக்குவது? இதற்கு மூன்று அளவைகளைக் கூறலாமென்று தோன்றுகின்றது.

முதலாவது, அதனை நிறுத்தும் உரிமை உழைப்பவன் கையில் உளதோ என்பது. சக்கரத்தை நிறுத்தவல்லவன் குயவன்; நிறுத்தவியலாதவன் சக்கரத்தின் உறுப்பு. இன்று உணவுப்பொதி சுமந்து தெருத்தெருவாக வண்டியோட்டும் இளைஞரை நோக்குக. அவர்க்குக் கண்காணி என ஒருவன் எதிரில் இல்லை. கைப்பேசியில் ஓர் ஒலி எழுகின்றது. எத்துணை நிமிடத்தில் எங்கே செல்வது என்று கணினி அறுதியிடுகின்றது. இரும்பு மணி போய்க் கண்ணுக்குப் புலனாகாத மணி வந்தது. கிராம்போர்டின் வாயில் இப்பொழுது அவர்தம் சட்டைப்பையிலேயே இருக்கின்றது.

இரண்டாவது, மிச்சமாகும் பொழுது யாரைச் சேர்கின்றது என்பது. ஆட்டுக்கல்லில் மாவரைத்தல் நம் இல்லத்துப் பெண்டிரின் தோளை ஒடித்த வேலை. அங்கே கல் நிற்கக் குழவி சுழன்றது. மின்பொறியிலோ குழவி நிற்கக் கல் சுழல்கின்றது. கோயம்புத்தூர்ப் பகுதியிலே செழித்த அப்பொறி, எத்தனையோ பெண்டிர்க்கு மாலைப்பொழுதை மீட்டளித்தது. இதனைப் பழிப்பார் ஒருமுறை தாமே ஒரு படி அரிசியை ஆட்டிப்பார்த்தல் நலம். ஆயினும் அம்மாலைப்பொழுது அவர்க்கே உரியதாய் நின்றதோ, அன்றி வேறு வேலையால் நிரப்பப்பட்டதோ என்று இல்லறத்தார் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஆலைமுதலாளியை மட்டும் குறைகூறுதல் எளிது. அவன் செய்ததை நாம் நம் அடுக்களையிற் செய்யாதிருத்தல் அருமை.

மூன்றாவது, அப்பொறி தாங்குவது சுமையையோ, தொண்டையோ என்பது. இதனை நம் திருக்கோயில்களிலேயே காணலாம். அபிடேகத்திற்குக் கிணற்றிலிருந்து நீரேற்ற மின்பொறி வைத்தால் ஒருவன் சுமை குறைகின்றது, நன்று. ஆனால் இக்காலத்துக் கோயில் பலவற்றில், பூசைவேளையில் பறையும் மணியும் சேகண்டியும் ஒருங்கே முழங்கும் மின்பொறியொன்று சுவரோரம் நிற்கின்றது. விசையைத் தட்டினால் அது அடிக்கத் தொடங்கும், தட்டினால் ஓயும். தீபாராதனை நீளினும் குறுகினும் அதற்கு வேறுபாடு தெரியாது. திரை விலகும் கணத்தில் அடிப்பவன் உள்ளம் பொங்கிக் கை விரைதலும் அதற்கில்லை. முழவடித்துத் தொண்டு செய்தவன் பிழைப்பும் போயிற்று. மணிக்கயிற்றைப் பற்றுதற்கு முந்தியடித்து ஓடிவரும் சிறுவன் உவகையும் போயிற்று. பொருளும் ஆளும் அற்ற சிற்றூர்க் கோயிலில் வேறு வழியின்றி வைத்தார் மேல் நமக்குக் குறையில்லை. ஆளிருக்கவும் பொருளிருக்கவும் வைத்தவிடத்து, மிச்சமானது யாது? யாருடைய சுமை இறங்கிற்று? ஒருவர் சுமையும் இறங்கவில்லை. ஒருவர் தொண்டு மட்டும் இழக்கப்பட்டது. சுமையைப் பொறிக்குக் கொடுக்கலாம். தொண்டைக் கொடுத்தல் இயலாது. என்னை? தொண்டின் பயன் ஒலியன்று, விளக்கன்று, நீரன்று. செய்வானுடைய உள்ளத்தின் கனிவே அதன் பயன். அறிவில் பொருளுக்கு அக்கனிவு யாண்டும் இல்லை.

ஆகவே, தொடங்கிய இடத்திற்கே மீள்வோம். நமக்கு உடலும் கரணமும் உலகும் நுகர்பொருளும் தந்தருளப்பட்டவை. அவை உயிரின் பொருட்டேயன்றி, உயிர் அவற்றின் பொருட்டு அன்று என்பது நம் நூற்றுணிபு. தன்னுடம்பையே கருவியென்று கொள்ளப் பயின்றவன், இரும்பாற் செய்த கருவியைத் தலைவனாகக் கொள்ளுதல் பேதைமை. அதனினும் பெரிய பிழை, பிறனொருவனைத் தன் ஊதியத்திற்குக் கருவியாகக் கொள்ளுதல். அவன் உள்ளும் அறிவுடைய உயிர் ஒன்று விளைவுக்குக் காத்திருக்கின்றது. இங்கிலாந்து தேயத்துத் தொழிலாளர் நூறாண்டு போராடி மீட்டதும், சென்னைத் தொழிலாளர் நண்பகலிற் கேட்டதும் அவ்வுயிர்க்குரிய பொழுதையே.

யந்திரம் சுழல்க, இன்னும் நன்றாகச் சுழல்க. சுழற்றுவான் மனிதனாகவே இருத்தல் வேண்டும். வேண்டும்போது அதனை நிறுத்திக் கைகழுவி எழுந்து, விளக்கேற்றிய இல்லத்திற்கு அவன் பொழுதோடு மீளுதலும் வேண்டும்.